ஜூலையில் ஆல்ப்ஸ், ஒன்பது நாள், இரண்டு மவுண்டன் பைக்: எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கேள்வி இதுதான்: நீங்களும் நண்பரும் ஜூலையில் ஒன்பது நாள் விடுப்பு எடுத்து ஆல்ப்ஸ் மலையில் மவுண்டன் பைக் ஓட்டப் போகிறீர்கள். இரண்டு பேருக்கும் மூன்று வருஷப் பழக்கம் உண்டு. செங்குத்தான இறக்கம் என்றால் மட்டும் கொஞ்சம் தயக்கம். ஷாமொனி, ஜெர்மாட், லிவின்யோ, டோலமைட்ஸ் என்று நான்கு இடங்களை எழுதி வைத்திருக்கிறீர்கள். எந்த வரிசையில் போவது, சொந்த பைக்கைக் கொண்டுபோவதா அல்லது அங்கே வாடகைக்கு எடுப்பதா என்று கேட்கிறீர்கள்.

அந்தப் பட்டியலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். நான்குமே அருமையான இடங்கள்தான், ஆனால் ஒன்பது நாளில் நான்கு இடம் போனால் பாதி நாள் வண்டியில்தான் கழியும். ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் பைக்கைப் பெட்டியில் கட்டி, கணவாய்களைச் சுற்றி ஓட்டி, திரும்பப் பொருத்தி, புது ஊரின் லிஃப்ட் (பைக்கோடு நம்மை மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட வண்டி), டிக்கெட், தடங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முழுதாக ஒரு நாள் போய்விடும். ஜெர்மாட்டுக்குள் கார் நுழையவே முடியாது. டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயில் பிடிக்க வேண்டும். ஷாமொனிப் பள்ளத்தாக்கிலோ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடப்பவர்கள் கூட்டத்துக்காகப் பல மலைப்பாதைகளில் சைக்கிளுக்குத் தடை இருக்கிறது. நீங்கள் போகும் மாதத்துக்கு அது சரிவராது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே இடம்: போர்த் து சொலெய். பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லையில், இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு மலை ஊர்கள், பெரும்பாலும் லிஃப்ட்டுகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் பகுதி. பிரான்ஸ் பக்கம் மோர்சின், லே ஜே, அவோரியா, ஷாத்தெல். சுவிஸ் பக்கம் ஷாம்பேரி, மோர்ஜான், லே க்ரோசே ஆகியவை இதில் முக்கியமானவை. ஒரே டிக்கெட்டில் காலையில் பிரான்ஸில் ஏறி, மதியம் சுவிட்சர்லாந்தில் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து மோர்சினுக்கு ஏறக்குறைய 80 கி.மீ., வேனில் ஒன்றரை மணி நேரம் போதும். தடங்கள் பனிச்சறுக்குப் பாதைகளைப் போலவே எளிதிலிருந்து கடினத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கும். 2004-லும் 2022-லும் மவுண்டன் பைக் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த லே ஜே இங்கேதான் இருக்கிறது. அதே ஊரில் முதல் நாள் ஓட்டுகிறவருக்கான பச்சைத் தடமும் உண்டு. இறங்கப் பயம் உள்ளவரும் இறங்கத் துடிப்பவரும் ஒரே லிஃப்ட்டில் ஏறி, வேறு வேறு தடத்தில் இறங்கி, கீழே சந்தித்துக்கொள்ளலாம். நண்பர்களாகப் போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. லிஃப்ட்டில் ஏறி இறங்கும் பயணத்தில் முதலில் சோர்வது கைதான், கால் அல்ல. எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள், ஆனால் மூன்றாம் நாள் காலையில் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போதுதான் புரிந்துகொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மோர்சின் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் ப்ளெனே சுமார் 1,500 மீட்டர். ஒரு இறக்கத்துக்கு 500 மீட்டர். லிஃப்ட் இருப்பதால் ஒரு நாளில் பத்துத் தடவை இறங்கலாம், அதாவது 5,000 மீட்டர். நம் சொந்தக் காலில் மிதித்து ஏறி ஓட்டும்போது ஒரு நாளில் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரிய விஷயம். ஐந்து மடங்கு இறக்கத்தை அதே முன்கை, அதே விரல்கள் தாங்க வேண்டும். போதாததற்கு, எல்லோரும் பிரேக் பிடிக்கும் இடங்களில் தடம் அலை அலையாகக் குழிந்துபோய்க் கிடக்கும். ஜூலை நடுவில் மோர்சினின் பிரபலமான தடங்களில் இந்தக் குழிகள் கையை உலுக்கி எடுத்துவிடும்.

முன்கை இறுகிப்போனால் விரல் பிரேக்கிலிருந்து நழுவும். அல்லது பயத்தில் பிரேக்கை விடாமல் இழுத்துக்கொண்டே வருவோம். அது கையை இன்னும் இறுக்கும், பிரேக்கையும் சூடாக்கிக் கெடுக்கும். இதற்கு மருந்து மூன்று. ஒன்று, ஒரே விரலில் பிரேக் பிடிக்கப் பழகுங்கள். அதற்கேற்றபடி லீவரைக் கைப்பிடியின் உட்பக்கமாக நகர்த்தி வையுங்கள். இரண்டு, வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வழி நெடுக லேசாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். மூன்று, ஓய்வு நாளைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். நாலாம் நாள் ஓட்டாதீர்கள். மோர்சினுக்குப் பக்கத்திலேயே மோன்ட்ரியோன் ஏரி இருக்கிறது. ஒரு புத்தகத்தோடு போய் அதன் கரையில் படுத்துக் கிடங்கள். அந்த ஒரு நாள்தான் அடுத்த மூன்று நாளைக் காப்பாற்றும்.

இனி தேதி. லிஃப்ட்டுகள் பொதுவாக ஜூன் நடுவிலிருந்து கடைசிக்குள் திறந்து, செப்டம்பர் முதல் பாதியில் மூடிவிடும். ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் தனித்தனித் தேதி. ஊர் திறந்திருக்கிறது என்பதால் எல்லா லிஃப்ட்டும் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஜூன் கடைசியில் 2,000 மீட்டருக்கு மேல் நிழல் விழும் சரிவுகளில் பனி இன்னும் திட்டுத் திட்டாகக் கிடக்கலாம். ஆகஸ்ட் நடுவில், அதாவது 15-ஆம் தேதி மாதா திருநாள் விடுமுறையை ஒட்டி, கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஜூலை முதல் இரண்டு வாரம்தான் என் தேர்வு: பனி பெரும்பாலும் போயிருக்கும், தடங்கள் இன்னும் அவ்வளவாகக் குழிந்திருக்காது, ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். பிரான்ஸின் மலை ஊர்களில் கோடையில் வீடுகளைச் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை என்று வாரக்கணக்கில்தான் பெரும்பாலும் விடுவார்கள். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட்டால் நடுவாரத்தில் இடம் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்காது.

சொந்த பைக்கா, வாடகையா? உங்களுடையது குலுக்கலைத் தாங்க 150 மி.மீ.க்கு மேல் அமுங்கும் சஸ்பென்ஷன் உள்ள, நான்கு பிஸ்டன் பிரேக்கோடு வந்த பைக் என்றால் கொண்டுபோகலாம். 120 மி.மீ. பைக், சின்ன பிரேக் டிஸ்க் என்றால் வேண்டாம். அது நல்ல பைக்தான், ஆனால் ஒரு நாளைக்கு 5,000 மீட்டர் இறங்குவதற்கு என்று செய்யப்பட்டதல்ல. நல்ல பைக்கின் வாடகை ஒரு நாளைக்கு 80 முதல் 100 யூரோ வரை போகும். ஐந்தாறு நாள் சேர்த்து எடுத்தால் குறையும். ஜூலைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். மின்சார பைக் ஓட்ட ஆசை என்றால் வாடகை தவிர வேறு வழியே இல்லை. பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை ஏற்ற மாட்டார்கள். மின்சார பைக்கின் பேட்டரி 500, 700 என்று இருக்கும்.

சொந்த பைக்கைப் பெட்டியில் கட்டும்போது நான் ஒரு தடவை செய்த தவறைச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றிய பிறகு, பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தும் பேடுகளுக்கு நடுவே எதையும் செருகாமல் விட்டுவிட்டேன். வழியில் எங்கேயோ லீவர் அமுங்கியிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு பேடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. டிஸ்க் உள்ளே நுழையவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு, தங்கிய வீட்டின் வாசலில் உட்கார்ந்து, டயர் கழற்றும் பிளாஸ்டிக் கரண்டியை நடுவே விட்டு, பேடைத் தள்ளும் பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினேன். முக்கால் மணி நேரம் ஆனது. பேடுகளுக்கு நடுவே செருக என்று பைக் வாங்கும்போது கூடவே வரும் சின்ன பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லையென்றால் மடித்த அட்டைத் துண்டு போதும்.

வாடகை பைக் என்றால், கடையை விட்டு வெளியே வருவதற்குள் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எந்தக் கைக்கு எந்த பிரேக் என்பது. ஐரோப்பாவில் முன் பிரேக் இடது கையில், பின் பிரேக் வலது கையில் இருக்கும். நம் ஊரில் பல பைக்குகளில் இது நேர்மாறு. பழக்கதோஷத்தில் செங்குத்தான இடத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை அழுத்தினால் தலைகீழாகப் போய் விழுவோம். கடையில் கேட்டால் மாற்றித் தருவார்கள். நேரம் இல்லை என்று சொன்னால் முதல் நாள் பச்சைத் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். இரண்டாவது, பேடின் கனம். மொபைல் டார்ச்சை அடித்து, பேடுகள் இருக்கும் காலிப்பருக்குள் எட்டிப் பாருங்கள். பின்னால் இருக்கும் உலோகத் தகட்டோடு சேர்த்து 3 மி.மீ.க்குக் குறைவாகத் தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். என் நண்பர் ஒருவர் ஒரு கடையில் எடுத்த பைக்கில் இரண்டாம் நாள் மதியம் கிறீச் என்று இரும்பு உரசும் சத்தம் வர ஆரம்பித்தது. பேடு முழுக்கத் தேய்ந்து தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாதி மலையிலிருந்து பைக்கைத் தள்ளிக்கொண்டே இறங்கினார். புது பேடு போட்டால், சமதளத்தில் வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் இருபது தடவையாவது பிரேக் பிடித்து அதைப் பழக்கிவிட்டுப் பிறகு மலையேறுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், முழங்கால் பேடு, முழு விரல் கையுறை மூன்றும் கட்டாயம். முதுகுக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். பையில் ஒரு டியூப், டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், செயின் லிங்க், உங்கள் பைக்குக்கென்றே பொருந்தும் டிரெயிலியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் உலோகத் துண்டு) ஒன்று, ஒரு மழைக்கோட்டு, உடம்பைச் சுற்றிக்கொள்ளும் மெல்லிய வெள்ளித்தாள் போர்வை ஆகியவை இருக்கட்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும். ஊரில் வியர்த்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினால் உச்சியில் காற்று வெட்டும்.

சரி, நாட்களை எப்படிப் பிரிப்பது? சனிக்கிழமை வந்து சேர்ந்து பைக்கைப் பொருத்துங்கள். ஞாயிறு லே ஜே போய் நீலத் தடங்கள் மட்டும். மதியம் மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள், ஆசை எவ்வளவு இருந்தாலும் சரி. திங்கள் மோர்சினிலிருந்து சூப்பர் மோர்சின் கோண்டோலா என்னும் லிஃப்ட்டில் ஏறி அவோரியா பக்கம். செவ்வாய் ஏரிக்கரை. புதன் ஷாத்தெல். வியாழன் வானம் தெளிவாக இருந்தால் எல்லையைத் தாண்டும் பெரிய சுற்று. இல்லையென்றால் வெள்ளிக்குத் தள்ளுங்கள். அதற்காகத்தான் வெள்ளியைக் காலியாக விடச் சொல்கிறேன்.

அந்தப் பெரிய சுற்றுக்காகவே இவ்வளவு தூரம் போகலாம். மோர்சினிலிருந்து அவோரியா ஏறி, அங்கிருந்து லான்தாரே என்ற சின்னக் கிராமத்துக்கு இறங்குவீர்கள். கோடையில் அங்கே ஆடுகள் கட்டில்லாமல் தெருவெல்லாம் திரியும்; சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்துவைத்தால் உங்களுக்கு மிஞ்சாது. பிறகு மொசெத் லிஃப்ட் உங்களை 2,277 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும். அந்த முகட்டில்தான் எல்லை. காவலும் இல்லை, கதவும் இல்லை. ஒரு பக்கம் நீங்கள் விட்டுவந்த பிரான்ஸ். எதிரே பல் பல்லாக நிற்கும் டான் து மிதி சிகரங்கள். அங்கே பத்து நிமிஷமாவது பைக்கைப் படுக்கப் போட்டுவிட்டு உட்காருங்கள். அங்கிருந்து லே க்ரோசே இறங்கி, மோர்ஜான், ஷாத்தெல் வழியாகச் சுற்றித் திரும்ப லான்தாரே வந்து சேரலாம். ஷாம்பேரிக்கும் ஒரு கிளை போகிறது. 2011 உலகச் சாம்பியன்ஷிப்பில் கொட்டும் மழையில் டேனி ஹார்ட் பதினொரு வினாடிக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்த டவுன்ஹில் (இறக்கப் பந்தய) தடம் அங்கேதான் இருக்கிறது. ஓரமாக நின்று அதன் செங்குத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பயணத்தில் அதில் இறங்க வேண்டாம்.

இந்தச் சுற்றில் கடிகாரம்தான் எஜமான். எல்லை லிஃப்ட்டுகள் பெரும்பாலும் மாலை ஐந்து மணியை ஒட்டி நின்றுவிடும். கடைசி லிஃப்ட்டை விட்டுவிட்டால் சுவிஸ் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். மலையைச் சுற்றிக்கொண்டு டாக்சியில் மோர்சின் வர இரண்டு பைக் வாடகையைவிட அதிகமாகவே செலவாகும். ஒவ்வொரு லிஃப்ட்டின் கடைசி நேரத்தையும் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டு, மதியம் இரண்டரைக்குள் திரும்பும் திசையில் இருங்கள். கோடையில் ஆல்ப்ஸில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். இடி இடித்தால் லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் ஒன்பது மணிக்கு முதல் லிஃப்ட்டில் ஏறுகிறவர்தான் புத்திசாலி. இன்னொன்று: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பிரான்ஸில் வாங்கிய சிம் கார்டு முகட்டில் தானாகவே சுவிஸ் டவரைப் பிடித்துக்கொண்டு காசைக் கரைத்துவிடக்கூடும். உங்கள் சிம் கார்டின் பிளானில் சுவிட்சர்லாந்து இல்லையென்றால் அங்கே டேட்டாவை அணைத்துவிடுங்கள். மேப்பை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நடப்பவர்களைக் கண்டால் நிறுத்துங்கள், ஒரு போன்ஜூர் சொல்லுங்கள், வழி அவர்களுக்குத்தான். மாட்டு வேலிக் கதவைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். ஆட்டு மந்தைக்குள் பெரிய வெள்ளை நாய் நின்றால் அது பத்தூ எனப்படும் காவல் நாய். மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்கி, பைக்கை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து போய்விடுங்கள்.

காகித வேலைகள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் போதும். அதிக நாள் தங்குவது பிரான்ஸில் என்பதால் பிரான்ஸுக்கு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஜூலைக்கு என்றால் மார்ச், ஏப்ரலில் முடித்துவிடுங்கள். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள்! சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் டவுன்ஹில் சைக்கிளை விலக்கியிருப்பார்கள். சாகச விளையாட்டு, மலை மீட்பு, ஹெலிகாப்டர் என்ற சொற்கள் உங்கள் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவசர எண் இரண்டு நாட்டிலும் 112. சுவிட்சர்லாந்தில் ரேகா என்ற மீட்பு அமைப்பின் ஹெலிகாப்டருக்கு 1414; ஆனால் நீங்கள் போகும் சுவிஸ் ஊர்கள் இருக்கும் வாலே மாநிலத்தில் 144. சிக்னல் இல்லாத இடத்தில் விசிலோ டார்ச்சோ: ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை, ஒரு நிமிஷம் இடைவெளி, திரும்ப ஆறு தடவை. ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் ஆபத்துக் குறி.

தங்குமிடம் எடுக்கும்போது பைக்கைப் பூட்டி வைக்கத் தனி அறை உண்டா என்று கேளுங்கள். கோடை ஊர்களில் பைக் திருட்டு நடக்கிறது. பால்கனியில் விட்டுத் தூங்காதீர்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் செலவு பாதியாகும். உங்களில் ஒருவர் சைவம் என்று எழுதியிருந்தீர்கள்: கிடைக்கும், ஆனால் எங்கே போனாலும் சீஸும் உருளைக்கிழங்குமாகவே இருக்கும். ரெப்லோஷான் போன்ற அந்தப் பகுதிப் பாரம்பரியச் சீஸ்களில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவம் என்றால் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். அடுத்த வருஷம் மிதித்து ஏறிப் பெரிய மலைப்பாதைகளில் போக ஆசை வந்தால் சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் பகுதி, குறிப்பாக டாவோஸ், லென்சர்ஹைடே. அங்கே நடப்பவர்களும் பைக்காரர்களும் பெரும்பாலான பாதைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வழுவழுவென்று செதுக்கிய தடம்தான் பிடிக்கும் என்றால் ஆஸ்திரியாவின் சால்பாக், லியோகாங். ஆனால் ஆஸ்திரியாவில் வனச் சட்டப்படி, சைக்கிளுக்கு என்று திறந்துவிட்ட பாதைகளைத் தவிர மற்றக் காட்டுப் பாதைகளில் ஓட்ட அனுமதி இல்லை என்பதை மறக்காதீர்கள். மூன்றாம் வருஷம் உடம்பில் தெம்பு இருந்தால் ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் கிளம்பி, ஆல்ப்ஸையே குறுக்காகக் கடந்து, இத்தாலியின் ரிவா தெல் கார்தா ஏரிக்கரையில் முடிக்கும் டிரான்ஸ்ஆல்ப். 1938-இல் ஐகர் மலையின் வடக்கு முகத்தில் முதன்முதலாக ஏறிய நால்வரில் ஒருவரான ஆண்டெர்ல் ஹெக்மையரின் மகன் ஆண்டி ஹெக்மையர் பெயரில் அதற்கு ஒரு வழித்தடமே இருக்கிறது.

ஜூலைக்கு இன்னும் மாதங்கள் இருந்தால் இப்போதிருந்தே வாரம் ஒரு நாள் உங்கள் பக்கத்திலேயே நீளமான இறக்கம் ஒன்றைத் தேடி, நிற்காமல் நான்கைந்து தடவை இறங்குங்கள். ஜிம்மில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, எத்தனை வினாடி என்று இரண்டு பேரும் எழுதி வையுங்கள். கிளம்பும் தேதி முடிவானதும் பைக்கின் மாடலையும் சேர்த்து எழுதுங்கள். என்ன பேடு, என்ன டயர் போடலாம் என்று சொல்கிறேன். இரண்டு ஜோடி பேடை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.